வலது கை மோதிரம்

ஸோரியானாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் புத்திகெட்டத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் வரும். என் பெயர் ஓடார்கா. டார்கா என்று கூப்பிடுவார்கள். வினிபெக் நகரப் பேருந்தை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவள் நான். மைனஸ் முப்பத்தைந்து குளிரில் செல்கிர்க் அவென்யூவில் குடிகாரர்களை ஏற்றி இறக்கியவளுக்கு வாய் எப்படி இருக்குமோ அப்படித்தான் எனக்கும் இருக்கிறது. அவசரக் குடுக்கை என்று பெயரும் உண்டு. என் வீட்டுக்காரர் ரோமன் இருந்தவரை, "டார்கா, கொஞ்சம் பிரேக் போடு" என்பார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிரேக் போடச் சொல்ல இப்போது ஆளில்லை.

எங்கள் கோயிலுக்குக் கீழே தரைக்கடியில் ஒரு கூடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குப் பெண்கள் அங்கே கூடிப் பிரோஹி பிடிப்போம். மசித்த உருளைக்கிழங்கை வட்ட மாவில் வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். மதியத்துக்குள் முந்நூறு டஜன். வெந்நீரில் போட்டு எடுத்து, வெண்ணெயில் புரட்டிய வெங்காயத்தோடு டப்பாவில் அடைத்தால் வாசலில் வரிசை நிற்கும். இதற்கெல்லாம் தலைவி பரஸ்கா. எழுபத்தாறு வயது, முழங்கால் இரண்டும் புதுசு, நாக்கு மட்டும் பழசு. பாதரே அவளைக் கேட்டுத்தான் கூடத்து விளக்கை அணைப்பார் என்று கேலி செய்வோம்.

எங்கள் முன்னோர் விட்டுவந்த நாட்டில் போர் தொடங்கிய வருஷம் இலையுதிர்காலத்தில் ஸோரியானா இந்தக் கூடத்துப் படியில் இறங்கி வந்தாள். வயது முப்பத்தாறு. அங்கே பொல்தாவா நகரத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர்க்காரி. ரொட்டித் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். ஏழு வயது மகள் சொலோமியாவையும் ஒரே ஒரு சூட்கேஸையும் கொண்டுவந்தாள். போர்க்காலத்தில் ஆண்பிள்ளைகளை எல்லை தாண்ட விடமாட்டார்கள் என்பதால் கணவன் ஒஸ்தாப் வர முடியவில்லை. அவளை ரயிலேற்றிவிட்டு நேராகப் படையில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். இங்கே அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் எங்களோடு மாவு.

வந்த முதல் நாளே பரஸ்கா பிடித்து வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பிரோஹியை எடுத்துப் பார்த்தாள்.

"இதை யாரு பிடிச்சது? தண்ணியில போட்டதும் வாயைத் திறந்துடும்" என்றாள்.

பரஸ்கா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள்.

"நான்தான் பிடிச்சேன். அறுபது வருஷமா பிடிக்கிறேன். என் வாய் மாதிரியே அதுவும் திறந்துட்டுப் போகட்டும், உனக்கென்ன?"

"திறந்தா தேத்தா, உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துடுமே" என்றாள் ஸோரியானா. வயதில் மூத்த பெண்களை நாங்கள் தேத்தா என்றுதான் கூப்பிடுவோம். பரஸ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தபிறகு நாங்களும் சிரித்தோம். அன்றிலிருந்து ஸோரியானா எங்களில் ஒருத்தி.

எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் அவளுக்கு அதிகம் சிரிப்பு. நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம். "நீங்க பேசுறதைக் கேட்டா செத்துப்போன பெரியவங்க எல்லாரும் எழுந்து வந்து பிரோஹி கேக்குற மாதிரி இருக்கு" என்பாள். வாய்க்கொழுப்பில் எனக்குச் சளைத்தவள் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த மே மாதம் அந்தக் காகிதம் வந்தது. ஒஸ்தாப் தடயமின்றிக் காணாமற்போனவர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். அவள் அந்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். கிள்ளிக்கொண்டே சொன்னாள், தலையைத் தூக்கவில்லை.

"காணோம்னுதான் எழுதியிருக்காங்க. செத்துட்டார்னு எழுதல. எழுதினவனுக்கு ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியும்ல."

தெரியும் என்றோம். வேறென்ன சொல்வது? ஊரில் ஒஸ்தாபின் அம்மாவிடம் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் எடுத்துக்கொண்டு போனார்களாம், கிடைக்கிற உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. அதைப் பற்றி அவள் ஒரே ஒருமுறைதான் பேசினாள். மற்றபடி தினமும் காலையில் ஒஸ்தாபின் போனுக்குச் செய்தி அனுப்புவாள். சொலோமியாவுக்குப் பல் விழுந்தது, பனி முழங்கால்வரை வந்துவிட்டது, பரஸ்கா தேத்தா இன்றைக்கும் திட்டினாள். அனுப்பினதற்கு ஒரு கோடு விழும். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது கோடு விழாது. "ஒரு கோடு விழுதுல்ல, அது போதும்" என்பாள். வலது கை மோதிர விரலில் கல்யாண மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொல்வாள்.

அந்த மோதிரத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன். எங்கள் வழக்கத்தில் கல்யாண மோதிரம் வலது கையில். புருஷன் செத்தால் அதைக் கழற்றி இடது கைக்கு மாற்றிவிடுவோம். ரோமனைப் புதைத்துவிட்டு வந்த அன்று கூடத்துக் கழிவறையில் வைத்து நான் மாற்றினேன். சோப்புப் போட்டுத்தான் கழன்றது. பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கையைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். கடையில், பேருந்தில், கோயிலில், எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முதலில் பார்ப்பது கையைத்தான்.

மோதிரம் மாறினால் இன்னொன்றும் மாறும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு கொரொவாய் என்று பெரிய ரொட்டி செய்வோம். மேலே மாவாலேயே பறவைகளும் பூக்களும் வைத்தது. அதன் மாவைப் பிசைகிறவர்கள் முதல் புருஷனோடு சண்டை சச்சரவில்லாமல் வாழ்கிற பெண்களாக இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் எப்போதும் ஏழு பேர். விவாகரத்தானவள் தொடக்கூடாது. கைம்பெண் தொடவே கூடாது. தொட்டால் அது மணமக்கள் தலையில் விடியுமாம். ரோமன் போகும்வரை அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி. போனபிறகு பரஸ்கா என்னைக் கூப்பிட்டு, "நீ இனிமே பாத்திரம் கழுவு டார்கா, பாட்டு மட்டும் கூடப் பாடு" என்றாள். நான் கழுவுகிறேன். எனக்கு அதில் கோபம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். மார்த்தாவின் புருஷன் சோபாவை விட்டு எழுந்து பத்து வருஷம் ஆகிறது; ஆனாலும் மூச்சு விடுகிறான், அதனால் மார்த்தா மாவைத் தொடலாம்.

சரி, என் கூத்துக்கு வருகிறேன். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஸோரியானா பிரோஹிக்கு வரவில்லை. மாலை ஜெபத்துக்கு மட்டும் வந்தாள். கண் சிவந்து கிடந்தது. வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது; இடது கையால் மெழுகுவர்த்தி வாங்கினாள். மெழுகுவர்த்தி மேசை என் பொறுப்பு. நீட்டிய இடது கையில் மோதிரம் இருந்தது.

அவள் வர்த்தியை ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். சேதி வந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லை, மோதிரத்தை மாற்றிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். நானும் அப்படித்தானே செய்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னாலேயே ஓடிப்போய், "என்னடி கண்ணு ஆச்சு" என்று கேட்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கேட்கவில்லை. பயணிகளிடம் எங்கே இறங்கணும் என்று ஆயிரம் தரம் கேட்ட வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டால் அவள் ஆமாம் என்பாளே, அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது என்று பயந்தேன்.

மறுநாள் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை. தவக்காலத்தில் அந்தச் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு குடும்பத்தின் இறந்தவர்கள் பெயரையும் பாதர் வரிசையாகப் படிப்பார், நாங்கள் மண்டியிட்டுக் கேட்போம். பெயர்கள் எழுதிய புத்தகமும் என் மேசையில்தான் இருக்கும். பாவம், அவளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள், யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து ஸோரியானாவின் குடும்பப் பக்கத்தில், அவள் அப்பா பெயருக்குக் கீழே, "போர்வீரன் ஒஸ்தாப்" என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டுமென்று நிதானமாக எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

பரஸ்கா பக்கத்தில் வந்து நின்றபோது காட்டினேன்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"மோதிரத்தை மாத்திட்டா."

பரஸ்கா சிலுவைக்குறி இட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய் மண்டியிட்டாள்.

பாதர் படிக்கத் தொடங்கியபின்தான் ஸோரியானா உள்ளே வந்தாள், சொலோமியாவைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்பா பெயரைக் கேட்க வந்திருந்தாள். கடைசி வரிசையில் மண்டியிட்டாள். பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பக்கம் வந்தது. அப்பா பெயர் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கடுத்து பாதர் "போர்வீரன் ஒஸ்தாப்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். முந்நூறு பேர் மண்டியிட்டிருந்த இடத்தில் அவள் மட்டும் நின்றாள்.

"அவர் சாகல" என்றாள். கத்தவில்லை. முதியோர் இல்லத்தில் காது கேட்காத பெரியவர்களிடம் பேசுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "என் புருஷன் சாகல. யாரு எழுதினது?"

பாதர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொலோமியா அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்து, "அப்பா செத்துட்டாராம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. நான் மேசைக்குப் பின்னால் எழுந்து, "நான்தான்" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

உயிரோடிருப்பவனைச் செத்தவர்களோடு சேர்த்து வேண்டினால் அது அவனைக் குழிக்குள் இழுக்கும் என்பது எங்கள் ஆட்களின் பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. நான் செய்தது வெறும் தப்பு இல்லை, அவள் கணக்கில் கொலைக்குச் சமம். பூஜை முடியக் காத்திராமல் காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மோதிர விரல் தொத்திறைச்சி மாதிரி வீங்கி, தோல் வெடித்து, மருந்து பூசியிருந்தது.

"தரை துடைக்கிற மருந்து ஒத்துக்கல. ஒரு மாசம் இந்த விரல்ல மோதிரம் போடாதேன்னு டாக்டர் சொன்னாங்க. பெட்டிக்குள்ள கழட்டி வைக்க மனசு வரல. இந்தக் கையில போட்டுக்கிட்டேன்."

"கண்ணெல்லாம் சிவந்து..."

"ரெண்டு ஷிப்ட் வேலை பார்த்தேன். தூங்கல."

நான் அந்த விரலையே பார்த்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தேத்தா" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை."

"மன்னிச்சுடு கண்ணு."

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது? பேரை அடிங்க. நீங்க எழுதினதை நீங்களே அடிங்க. அடிச்சதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க."

திரும்பிப் போனேன். கோயில் காலியாக இருந்தது. கறுப்பு மையால் அந்தப் பெயரை அடித்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியக்கூடாதென்று அடித்ததில் தாளே கிழிந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு கோடும் விழுந்து நீலமாயிற்று, பார்த்துவிட்டாள்.

அதன்பின் ஐந்து வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. நான் தட்டில் பிரோஹியைக் கட்டி அவள் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு வருவேன். மறுவாரம் தட்டு கழுவப்பட்டு அதே பிடியில் தொங்கும். கதவு திறக்காது. பரஸ்கா என்னைத் திட்டவே இல்லை. அதுவே என்னவோ போலிருந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த நான்காவது சனிக்கிழமை பரஸ்காவின் பேத்தி லரீசாவுக்குக் கல்யாணம். தவக்காலத்தின் கடைசி வாரம் மார்த்தா தன் வீட்டுப் படியில் பனிக்கட்டி சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஏழு பேர் ஆறு பேரானார்கள். ஆறு இரட்டைப்படை, ஆகாது. மாவைத் தொடத் தகுதியான இன்னொருத்தியைக் கோயில் முழுக்கத் தேடினார்கள். ஒருத்தி இரண்டாம் கல்யாணம், ஒருத்தி புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லை. இளம் பெண்களில் பாதிப்பேருக்கு மாவு என்றால் என்னவென்றே தெரியாது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஸோரியானாவைக் கூப்பிடு" என்றேன் பரஸ்காவிடம். "அவ பறவை பிடிச்சா அது பறந்துடும். பதினாலு வருஷம் ரொட்டி வேலை பார்த்தவ."

பரஸ்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அவ புருஷன் இருக்கிற பக்கமா, இல்லாத பக்கமான்னு யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்."

"டார்கா, நீ வாயை மூடு. என் மக கல்யாணத்துக்குப் பிடிச்ச ரொட்டி அடுப்புல ரெண்டாப் பிளந்துச்சு, ஞாபகம் இருக்கா? பிசைஞ்சவள்ள ஒருத்தியோட புருஷன் அப்பவே இன்னொருத்தி கூட வான்கூவருக்கு ஓடிப்போயிருந்தான். மறைச்சுட்டு வந்து மாவைத் தொட்டா. மூணு வருஷத்துல என் மக லரீசாவைத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னா."

"உன் மருமகனை விரட்டினது ரொட்டியா, பாட்டிலா?"

"எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் பயமா இருக்கு." அவள் கண்ணில் நீர், வெங்காயத்தாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு புருஷன் இல்லாம இருந்து, அவ கை பட்டு, நாளைக்கு லரீசாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"நீ அவளை வேண்டாம்னா என்ன அர்த்தம் தெரியுமா? நான் புத்தகத்துல எழுதினதையே நீ வாயால சொல்றேன்னு அர்த்தம். நான் ஒருதரம் அவனைக் கொன்னுட்டேன், அக்கா. நீயும் கொல்லாத."

பரஸ்கா மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். ஆனால் மறுநாள் புது முழங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். நான் கீழே காரில் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று அவளே பிறகு சொன்னாள். கதவைத் திறந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாளாம்.

"உன் புருஷன் இருக்கானா?"

"இருக்காரு."

"அப்போ வர்ற மாசம், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலைல எட்டு மணிக்கு வா. ஏப்ரன் வெள்ளையா இருக்கணும்."

ஸோரியானா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். ஒரு வருஷமாக எல்லாரும் அவளிடம் தைரியமாக இரு என்றுதான் சொன்னார்கள். அவளைப் பெண்டாட்டி என்று கணக்கில் சேர்த்தது பரஸ்கா ஒருத்திதான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் மறுபடி வந்தாள். என்னோடு இரண்டு வார்த்தை பேசினாள். உப்பு எங்கே, மூடி எங்கே. எனக்கு அது போதுமாயிருந்தது. விரல் ஆறி, மோதிரம் வலது கைக்குத் திரும்பியிருந்தது. தழும்புமேல் ஏற்றியதில் சுற்றிலும் சிவந்திருந்தது. வேலை முடிந்தபின் மிச்ச மாவில் பறவை பிடித்துப் பழகுவாள். கழுத்தை ஒரு திருகு, இறக்கைக்கு இரண்டு வெட்டு, கண்ணுக்கு ஒரு மிளகு. லரீசா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாப் பறவையும் நீங்களே பிடிக்கணும்" என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றாள் ஸோரியானா. சொலோமியாவிடம் ரொட்டித் துண்டு அப்பாவுக்கும் எடுத்து வைப்போம் என்று சொல்லியிருந்தாளாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. நான் ஏழரைக்கே போய்த் தொட்டியில் வெந்நீர் நிரப்பினேன். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சலித்த மாவு, அடித்து வைத்த நாற்பது முட்டை, வெண்ணெய் எல்லாம் தயாராக இருந்தன. பரஸ்காவும் மற்ற ஐந்து பேரும் தலையில் துணி கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். எட்டு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஸோரியானா வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன் கையில் மடிப்பாக இருந்தது. எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

பரஸ்கா மேசையில் இடம் விட்டு நகர்ந்தாள். "வா, உன் இடம் இது."

ஸோரியானா மேசைக்குப் போகவில்லை. சுற்றி வந்து தொட்டிக்கருகில் என் பக்கத்தில் நின்றாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். முட்டை அடித்த கிண்ணம் ஒன்றை எடுத்து வெந்நீரில் அமிழ்த்தினாள். நீருக்குள் போன இடது கையில் மோதிரம் இருந்தது. நீரைவிட்டு வெளியே இருந்த வலது கையைப் பார்த்தேன். விரல் நன்றாகத்தான் இருந்தது. வீக்கமில்லை.

அத்தனை பேரும் கையைப் பார்த்தார்கள். மாவுக்கு முன்னால் அழுகை ஆகாது, அதனால் அவள் அழவில்லை, நாங்களும் அடக்கிக்கொண்டோம்.

மேசையில் ஆறு பேர் நின்றார்கள். ஆறில் ரொட்டி பிசைய முடியாது. பரஸ்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், எண்ணுவதுபோல. பிறகு தன் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். ஐம்பது வருஷமாக எந்தக் கல்யாண ரொட்டிக்கும் முதல் பிடி மாவு அவள் கையால்தான் விழுந்திருக்கிறது. இது அவள் வளர்த்த பேத்தியின் ரொட்டி. ஏப்ரனை நாற்காலியில் போட்டுவிட்டு, ஐந்து பேரையும் பார்த்து, "தொடங்குங்க. வெண்ணெயை மெதுவா சேருங்க" என்றாள். தொட்டிக்கு வந்து ஸோரியானாவின் இன்னொரு பக்கத்தில் நின்று துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி கொதிக்குது. அந்தக் கை இப்பதான் ஆறியிருக்கு, நீ தள்ளு, டார்கா கழுவட்டும்" என்றாள்.

ஐந்து பேரும் பாடத் தொடங்கினார்கள். ஸோரியானாவும் தொட்டிக்கருகில் நின்றபடி கூடப் பாடினாள். பறவைகள் கோழிக்குஞ்சு மாதிரி குண்டாக வந்தன. ஸோரியானா திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டை அடுக்கினாள்.

ரொட்டி அடுப்புக்குள் போய்க் கதவு மூடியபிறகு மற்றவர்கள் காபிக்கு உட்கார்ந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் தொட்டியருகிலேயே நின்றோம்.

"என்னைக்கு வந்துச்சு?" என்று பரஸ்கா கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை. அத்தை குடுத்த எச்சிலும் கிடைச்ச உடம்பும் ஒத்துப்போயிடுச்சாம்." ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "மூணு நாளா யார்கிட்டயும் சொல்லல. சொல்லாம இன்னைக்கு வந்து பிசைஞ்சுடலாம்னுகூட நினைச்சேன், தேத்தா. காலைல கிளம்பினப்பகூட மோதிரம் வலது கையிலதான் இருந்துச்சு. பஸ்ல லரீசா முகம் ஞாபகம் வந்துச்சு. மாத்திட்டேன்."

பரஸ்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இப்போது அழலாம், மாவு உள்ளே போய்விட்டது. அழுதாள். கொஞ்சம் அடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"போன மே மாசமே போயிட்டாராம் தேத்தா. காணோம்னு எழுதின அன்னைக்கே. ஒரு வருஷமா நான் அனுப்பினதெல்லாம்..." முடிக்கவில்லை. "நீங்க எழுதினது சரிதான்."

எத்தனையோ தப்புக்கு வெட்கப்பட்டிருக்கிறேன். சரியாக இருந்ததற்காக அன்றைக்குக் கூசியதுபோல் என்றைக்கும் கூசியதில்லை.

"இல்ல கண்ணு" என்றேன். "நான் எழுதினப்போ அது தப்புதான்."

அவள் மோதிரத்தைத் திருகினாள்; புதுக் கையில் அது சரியாகத் திரும்பவில்லை.

"மறுபடி எழுதிடுங்க. நீங்களே எழுதுங்க."

மேலே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். கிழிந்த பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தை வைத்தேன். பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் நின்றேன்.

"எப்படி எழுதட்டும், கண்ணு?" என்று கேட்டேன். "போர்வீரன்னு போடட்டுமா?"

அடுப்பிலிருந்து ரொட்டி மணம் வரத் தொடங்கியிருந்தது.

"வேண்டாம். ஒஸ்தாப், சொலோமியாவோட அப்பான்னு போடுங்க."

அப்படியே எழுதினேன். பாதரும் இப்போது அப்படியேதான் படிக்கிறார்.